போனைக் கீழே வைத்தால் பிள்ளை திரும்பி வந்துவிடுமா?

கேள்வி, பிப்ரவரி 9

மகனுக்கு 11 வயது. ஒரு மாதமாக நானும் கணவரும் மாலை 7 மணிக்கு மேல் போனைத் தொடுவதில்லை. அவன் எங்களோடு பேசுவான் என்று நினைத்தோம். அவனோ தன் அறைக்குப் போய்விடுகிறான், நாங்கள் இரண்டு பேரும் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறோம். பெற்றோர் திரையைக் குறைத்தால் பிள்ளைகள் நெருங்கி வருவார்கள் என்பது உண்மையிலேயே யாருக்காவது நடந்திருக்கிறதா, இல்லை சொல்வதற்கு நன்றாக இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறார்களா?

பிப்ரவரி 9, இரவு 10.40

நடந்திருக்கிறது, எங்கள் வீட்டிலேயே. ஆனால் ஒரு மாதத்தில் நடக்கவில்லை. நான்கு மாதத்துக்கும் மேல் ஆனது, அதில் முதல் இரண்டு மாதம் நீங்கள் சொல்வது போலவேதான் இருந்தது. போனை அலமாரியில் வைத்துவிட்டு வந்து உட்காருவேன். மகள் (அப்போது 8, இப்போது 9) என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படம் வரையப் போய்விடுவாள். சின்னவன் மட்டும் வந்து மடியில் ஏறிக்கொள்வான், அவனுக்கு 3 வயது, பழசு எதுவும் மனதில் இல்லை. பெரியவளுக்கு இருந்தது.

எதனால் ஆரம்பித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கதை சொல்பவருக்கு ‘ம்’ கொட்ட ஒருவர் வேண்டும் இல்லையா. என் மகள் பள்ளியில் நடந்ததைக் கதை மாதிரிதான் சொல்வாள், நானும் ம், ம் என்று கொட்டிக்கொண்டே போனில் விரலை ஓட்டிக்கொண்டிருப்பேன். ஒருநாள் பாதியில், குரலை மாற்றாமல், “அப்புறம் எங்க டீச்சர் சன்னல் வழியா பறந்து போயிட்டாங்க” என்றாள். நான் “ம்” என்றேன். “திரும்பி வரவே இல்ல.” “ம், சரிம்மா.” அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. எழுந்து போய் மீதிக் கதையைத் தம்பியிடம் சொன்னாள், அவன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். டீச்சர் பறந்துபோனது எனக்கு உறைத்ததே அவள் அங்கே சொன்னபோதுதான். அன்றைக்குப் போனில் என்ன பார்த்துக்கொண்டிருந்தேன் என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன், நினைவுக்கு வரவே இல்லை.

பிப்ரவரி 10, காலை

நேற்று தூக்கக் கலக்கத்தில் முக்கியமானதை விட்டுவிட்டேன். பிள்ளை ஏன் உடனே வருவதில்லை என்பதற்கு எனக்கு உதவியது ஒரு பழைய சோதனை. எட்வர்ட் ட்ரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் செய்தது, ‘அசையா முகம்’ என்று சொல்லலாம். தாய் கைக்குழந்தையோடு முகம் பார்த்து விளையாடுகிறாள். அப்புறம் சில நிமிடம் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் வெறுமனே குழந்தையைப் பார்க்கிறாள். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, குரல் எழுப்புகிறது. எதுவும் நடக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

எல்லோரும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். சோதனையில் மூன்றாவது பகுதி ஒன்று உண்டு. தாய் மறுபடி சிரித்துப் பேசுகிறாள். குழந்தை அந்த நொடியே பழையபடி ஆகிவிடுவதில்லை. சிரிப்பும் வருகிறது, கூடவே சிணுங்கலும் விலகலும் இருக்கின்றன. சில நிமிடம் முகம் மாறியதற்கே ஒரு கைக்குழந்தைக்கு இப்படி என்றால், இரண்டு மூன்று வருடம் பாதி முகத்தையே பார்த்த பிள்ளை ஒரு மாதத்தில் ஓடி வராததில் என்ன ஆச்சரியம்? உங்கள் மகன் அறைக்குப் போவதை ‘இது வேலைக்கு ஆகவில்லை’ என்று படிக்காதீர்கள். இது நிலைக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றுதான் எனக்குப் படுகிறது.

கைக்குழந்தையையும் 11 வயதுப் பையனையும் ஒரே தராசில் வைக்க முடியாது, தெரியும். ஆனாலும் அந்த மூன்றாவது பகுதிதான் என்னை முதல் இரண்டு மாதத்தில் விடாமல் பிடித்து வைத்தது.

பிப்ரவரி 10, மாலை

எத்தனை மணி நேரத்திலிருந்து எத்தனைக்குக் குறைத்தீர்கள் என்று கேட்டவருக்கு: ஒரு நாளைக்கு 4 மணி 20 நிமிடத்திலிருந்து 1 மணி 50 நிமிடம். போனிலேயே இருக்கும் கணக்குத்தான்.

பிப்ரவரி 11

மேலே கொடுத்த கணக்கில் ஒரு திருத்தம். 4.20இல் வண்டி ஓட்டும்போது ஓடும் வரைபடமும் சேர்ந்திருக்கிறது. அது திறந்தே கிடக்கும், நான் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்ல முடியாது. அதைக் கழித்தால் மூன்றரை மணிக்கு மேல் வராது. எண்ணைப் பெரிதாகக் காட்ட வேண்டும் என்று எழுதவில்லை, பிரித்துப் பார்க்காமல் எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 12

மணிக்கணக்கைப் பற்றியே மூன்று பேர் கேட்டிருப்பதால் இதைக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் நானும் முதலில் இதில்தான் தவறினேன்.

எண் வேகமாக இறங்கியது. இரண்டு மணிக்குக் கீழே வந்தபோது எனக்குள் பெரிய நிறைவு. வீட்டில் எதுவும் மாறவில்லை. பிறகு ஒரு வாரம் உட்கார்ந்து, எந்த நேரத்தில் எடுக்கிறேன் என்று தாளில் குறித்தேன். நான் குறைத்ததெல்லாம் அலுவலக இடைவேளையிலும் இரவு 11க்கு மேலும். பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் முன்பு போலவே எடுத்துக்கொண்டிருந்தேன், ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். கூட்டினால் இருபது நிமிடம்கூட வராது. ஆனால் அந்த ஒவ்வொரு நிமிடமும் யாரோ ஒருவர் என்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்த நிமிடம்.

2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு அப்படியே பொருந்துகிறது. இரண்டு வயதுப் பிள்ளைகளுக்குத் தாய்மார் இரண்டு புதுச் சொற்களைக் கற்றுத் தர வேண்டும், இரண்டும் எங்கும் இல்லாத, இதற்காகவே உண்டாக்கிய சொற்கள். ஒரு சொல்லைச் சொல்லித் தரும்போது தொந்தரவு இல்லை. இன்னொன்றைச் சொல்லித் தரும்போது நடுவில் தாய்க்குப் போன் வருகிறது, பேசிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். இரண்டு சொற்களையும் பிள்ளை கேட்ட எண்ணிக்கை ஒன்றுதான். தடையில்லாமல் கேட்ட சொல்லைக் கற்றுக்கொண்டார்கள், நடுவில் அறுந்த சொல்லைக் கற்றுக்கொள்ளவில்லை. எவ்வளவு நேரம் கொடுத்தோம் என்பதைவிட அந்த நேரம் அறுபடாமல் இருந்ததா என்பதே பெரிது என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன்.

அதனால் கணக்கு பார்ப்பதை விட்டேன். இரண்டு நேரத்தை மட்டும் பிடித்துக்கொண்டேன்: நானோ அவர்களோ வீட்டுக்குள் நுழைந்த முதல் கால் மணி நேரம், படுக்கப் போகும் முன் அரை மணி நேரம். அந்த நேரங்களில் போன் அடுத்த அறையில் இருக்கும். சட்டைப்பையில் இருந்தால் ஆகாது, என் கை தானாகவே அங்கே போகும். மற்ற நேரங்களில் எடுக்கிறேன், மறைக்கவில்லை.

பிப்ரவரி 12, சேர்க்கை

“அரை மணி நேரம் போதுமா?” என்று கேட்டவருக்கு: போதாது. ஆனால் அந்த அரை மணி நேரம் தானாகவே ஒரு மணி ஆனது, அதற்காக நான் எதுவும் செய்யவில்லை.

பிப்ரவரி 13

“எங்கள் அப்பா காலையும் மாலையும் செய்தித்தாளுக்குப் பின்னால்தான் இருந்தார், நாங்கள் என்ன கெட்டுப்போனோம்?” என்ற கேள்வி நியாயமானதுதான். நானும் அப்படி வளர்ந்தவன். இரண்டு வித்தியாசம் தெரிகிறது.

ஒன்று, செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் இருந்தது. அப்பா அதை மடிக்கும் சத்தம் கேட்டால் நாங்கள் போய் நிற்கலாம். போனில் அந்தச் சத்தம் கிடையாது. கீழே இழுக்க இழுக்க முடிவில்லாமல் வந்துகொண்டிருக்கும் பக்க அமைப்பை ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் 2006இல் உருவாக்கினார், பிற்பாடு அதற்காக வருத்தப்படுவதாக அவரே சொல்லியிருக்கிறார். அடுத்து வருவது சில சமயம் சுவையாக இருக்கும், பல சமயம் இருக்காது, எப்போது என்று தெரியாது. ஸ்கின்னர் என்ற உளவியலாளர் எலிகளையும் புறாக்களையும் வைத்துக் காட்டியது இதைத்தான்: எத்தனையாவது தட்டலுக்குத் தீனி விழும் என்று தெரியாதபோதுதான் அவை விடாமல் தட்டிக்கொண்டே இருந்தன.

இரண்டாவதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. செய்தித்தாள் படிக்கும் அப்பா என்ன செய்கிறார் என்று பிள்ளைக்குத் தெரியும். போன் பார்க்கும் அப்பா வேலை செய்கிறாரா, யாரோடாவது சண்டை போடுகிறாரா, பாட்டியின் உடல்நிலை பற்றிய செய்தியா, வெறும் வீடியோவா, வெளியிலிருந்து எல்லாம் ஒரே முதுகு, ஒரே குனிந்த தலை. இப்போது கூப்பிடலாமா கூடாதா என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. ஒன்றிரண்டு தடவை கூப்பிட்டு, “இரு, இரு” என்ற எரிச்சலான பதிலை வாங்கிக்கொண்டு, அப்புறம் கூப்பிடுவதையே விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவில் துரித உணவகங்களில் பிள்ளைகளோடு வந்த 55 பெரியவர்களை ஓரமாக இருந்து கவனித்து 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்களில் 40 பேர் போனை எடுத்தார்கள். அதில் ஆழ்ந்து போயிருந்தவர்கள் சிலர், கவனத்தை இழுக்கப் பார்த்த பிள்ளையிடம் கடுகடுத்ததையும் குறித்திருக்கிறார்கள். படித்தபோது என் “இரு, இரு” காதில் கேட்டது.

பிப்ரவரி 15

“எனக்கு வேலையே போனில்தான், தனியாகப் பிள்ளையை வளர்க்கிறேன், அடுத்த அறையில் வைப்பதெல்லாம் வசதி உள்ளவர்களுக்கு” என்று ஒரு தாய் எழுதியிருந்தார். இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் சொல்வது சரி. நான் 12ஆம் தேதி எழுதியது, மாலையில் வேலை முடிந்துவிடுகிற, வீட்டில் இன்னொரு பெரியவர் இருக்கிற ஒருவன் எழுதியது. அதை எல்லோருக்குமான வழி போல எழுதியிருக்கக் கூடாது.

எங்கள் வீட்டிலும் சில மாலைகளில் எனக்கு அவசர வேலை வரும். அப்போது செய்து பார்த்துப் பலன் தந்தது ஒன்றே ஒன்று: வாய்விட்டுச் சொல்வது. “ஆபீஸ்ல ஒருத்தருக்குப் பதில் போடணும், நாலு வரி, முடிச்சதும் உன்னைப் பார்க்கிறேன்.” முடித்ததும் நிஜமாகவே திரும்பிப் பார்க்க வேண்டும், அதில் ஏமாற்றினால் அடுத்த தடவை செல்லாது. இப்படிச் சொல்லும்போது அந்தக் குனிந்த முதுகுக்குள் என்ன நடக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. எனக்கும் ஒரு பயன். காரணத்தை வாயால் சொல்ல வேண்டியிருப்பதால், காரணம் இல்லாத நேரத்தில் கை நின்றுவிடுகிறது. “சும்மா பார்க்கப் போகிறேன்” என்று ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனை எடுப்பது எவ்வளவு கடினம் என்று முயன்று பாருங்கள்.

இன்னொன்றும் அவருக்குச் சொல்ல வேண்டும். ட்ரானிக் சோதனையை நான் மேலே சொன்ன விதம் குற்ற உணர்ச்சி உண்டாக்கியிருந்தால் மன்னியுங்கள். தாயும் பிள்ளையும் எல்லா நேரமும் ஒத்துப்போவதில்லை, பிசகுவது இயல்பு, பிசகியதைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதில்தான் உறவு இருக்கிறது என்பதே அவர் பின்னாளில் வலியுறுத்தியது. நாள் முழுக்கப் போனில் இருந்தாலும் இரவில் பிள்ளையின் பக்கம் முழுதாகத் திரும்புகிற தாய் எதையும் இழந்துவிடவில்லை.

பிப்ரவரி 16

பழையதைத் தேடும்போது கிடைத்தது. 2018 செப்டம்பரில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழு வயதுப் பையன் ஒருவன், பெற்றோர் உதவியோடு, பெற்றோரின் போன் பழக்கத்தை எதிர்த்தே ஊர்வலம் நடத்தினான். எங்களோடு விளையாடுங்கள், போனோடு வேண்டாம் என்பதுதான் கோரிக்கை. மகளுக்குப் படித்துக் காட்டினேன். “நம்ம வீட்டுல போன வருஷம் நடத்தியிருக்கலாம்” என்றாள். தம்பியைக் கூட்டிக்கொண்டு கூடத்திலிருந்து படுக்கையறை வரை ஊர்வலம் போனார்கள். கோஷம் என்னவென்று இருவரும் பேசி முடிவு செய்யவில்லை போலிருக்கிறது, ஆளுக்கு ஒன்று கத்தினார்கள்.

பிப்ரவரி 20

பிள்ளைகளின் திரை பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே என்று கேட்டிருக்கிறார்கள். வேண்டுமென்றேதான் தள்ளிப்போட்டேன். பெரியவர்கள் தங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்து ஐந்து நிமிடத்தில் பேச்சைப் பிள்ளைகள் மேல் திருப்பிவிடுகிறோம்.

அளவு தெரிய வேண்டுமென்றால்: உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சொன்னது, ஒரு வயது முடியும்வரை திரையே வேண்டாம், அடுத்த ஓராண்டும் தவிர்ப்பது நல்லது, 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1999இல் இரண்டு வயதுக்குக் கீழே தொலைக்காட்சி வேண்டாம் என்றது. 2016இல் அதைத் திருத்தி, 18 மாதத்துக்குக் கீழே திரை வேண்டாம், வீடியோ அழைப்பு மட்டும் விதிவிலக்கு என்றது. அந்த விதிவிலக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. திரையில் பாட்டி இருந்தால், பிள்ளை சிரிக்கும்போது பாட்டியும் சிரிக்கிறாள்.

எங்கள் வீட்டில் நடந்தது இவ்வளவுதான். நான் என் போனை வைத்த பிறகுதான் அவளிடம் டேப்லெட்டை வை என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. முன்பு சொல்லும்போதெல்லாம் “நீங்க மட்டும்?” என்ற கேள்வி வரும், அதற்கு நான் வைத்திருந்த பதில் “பெரியவங்க வேலை வேற” என்பது. பாதி நேரம் அது பொய் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மார்ச் 2

பத்து நாளாக இங்கே வரவில்லை. அம்மாவை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது, இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த நாட்களில் போன் கையை விட்டு இறங்கவே இல்லை. உறவினர்கள், மருத்துவர், மருந்து, விடுப்பு. நேற்று கணக்கைப் பார்த்தேன், ஒரு நாளில் 5 மணி 10 நிமிடம், நான் தொடங்கிய இடத்தைவிட அதிகம்.

எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன். முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன்: பாட்டிக்கு உடம்பு சரியில்லை, போன் அடித்துக்கொண்டே இருக்கும், எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று. மகள் ஒவ்வொரு அழைப்பு முடிந்ததும் வந்து “பாட்டி எப்படி இருக்காங்க?” என்று கேட்பாள். பதில் சொன்னதும் தன் கதையை விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பாள். என் “ம்” நிஜமா என்று ஒரு தடவைகூடச் சோதிக்கவில்லை. மணிக்கணக்கு முக்கியமில்லை என்று 12ஆம் தேதி எழுதியபோது பாதி நம்பிக்கையோடுதான் எழுதினேன். இப்போது முழுதாக நம்புகிறேன்.

மார்ச் 5

முதலில் கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார், மகன் இன்னும் அறையில்தான் இருக்கிறான் என்று. உங்களுக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன்: கூடத்தில் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருப்பதை நிறுத்துங்கள். நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன், முதல் இரண்டு மாதம். “நான் போனை வைத்துவிட்டேன், இனி நீ பேச வேண்டும்” என்று முகத்தில் எழுதி ஒட்டியது போல. எந்தப் பிள்ளை வரும்? அது அழைப்பாக இல்லை, கடன் கேட்பது போல இருந்தது.

மாறியது எப்போது என்று இப்போது யோசித்தால், நான் பொறுமை இழந்து, சும்மா இருக்க முடியாமல், உலர்ந்த துணிகளை மடிக்க ஆரம்பித்த அன்றுதான். கை வேலையில் இருந்தது, கண்ணும் காதும் வெறுமனே இருந்தன. மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து காலுறைகளை ஜோடி சேர்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பத்து நிமிடம் கழித்து, காலுறையைப் பார்த்துக்கொண்டே, வகுப்பில் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்ட ஒரு சிநேகிதியைப் பற்றிச் சொன்னாள். மூன்று வாரமாக நடந்துகொண்டிருந்ததாம்.

உங்கள் மகனுக்கு அது சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடுவதாக இருக்கலாம், பழைய அலமாரியை ஒழிப்பதாக இருக்கலாம். நடுவில் நிறுத்தினால் எதுவும் கெட்டுப்போகாத வேலையாக இருக்கட்டும். அவனைக் கூப்பிட வேண்டாம். கதவு திறந்திருந்தால் போதும்.

மார்ச் 6

மேலே “கண்ணும் காதும் வெறுமனே இருந்தன” என்று எழுதியது பற்றி. மனமும் வெறுமனே இருக்க வேண்டும், அது தானாக வருவதில்லை. ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால், மனதின் ஒரு பகுதி முதல் வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் ஆய்வு செய்து எழுதினார். அதனால் போனை வைக்கும் முன், பாக்கி இருப்பதை ஒரு தாளில் இரண்டு வரி எழுதி வைக்கிறேன். எழுதாத நாளில் காலுறை ஜோடி மாறிவிடுகிறது, மகள் கண்டுபிடித்துவிடுகிறாள்.

மார்ச் 14

முதலில் கேட்டவரின் தனிச்செய்தி வந்தது, இங்கே சொல்லலாம் என்று அனுமதி தந்தார். கணவர் மின்விசிறியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தபோது மகன் வந்து நின்று, திருகுகளைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டானாம். எதுவும் பேசவில்லை. நாற்பது நிமிடம் நின்றிருக்கிறான்.

மார்ச் 14, சேர்க்கை

போன் அடுத்த அறையில் இருந்தால் அவசர அழைப்பு வந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டவருக்கு: ஒலியை முழு அளவில் வைத்துவிட்டு, அறிவிப்புகளை எல்லாம் நிறுத்தி, அழைப்பு மட்டும் அடிக்கும்படி மாற்றிக்கொள்ளுங்கள். அம்மாவின் எண்ணுக்குத் தனி மணி வைத்திருக்கிறேன். அது அடித்தால் மகன்தான் முதலில் ஓடுகிறான்.